நடுக்கடலில் மூன்று தரம்

கப்பலில் சாமான் மலிவு என்று எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் எமிலி மதினி. போன வருஷம் அறுப்பின் பண்டிகை அன்றைக்கு, கோயில் பந்தலில் அசனச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். கறிக்குழம்பு வாளி இன்னும் நாலு இலை தள்ளி நின்றது. அதற்குள் மதினி தன் கைப்பையை மடியில் தூக்கி வைத்து, "தங்கபுஷ்பம், இது என்ன விலை இருக்கும் சொல்லு பார்ப்போம்" என்றார்கள். எனக்கு என்ன தெரியும். நம்ம ஊர் பை விலையைச் சொன்னேன். மதினிக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது.

துபாயில் இருக்கிற மகளோடு மதினி கப்பலில் போய் வந்திருந்தார்கள். கப்பல் கரையை விட்டு நடுக்கடலுக்குப் போய்விட்டால் எந்த ராஜாங்கமும் வரி கேட்க முடியாதாம். வரி இல்லையென்றால் விலை பாதி. அதனால் கப்பலில் ஏறுகிறவர்கள் சும்மா இறங்கக்கூடாது என்பது மதினி கட்சி. அந்தப் பையின் ஜிப் கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே வாயைப் பிளந்துவிட்டது என்பது வேறு விஷயம். அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்க எட்டயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விடுவீங்க, அதனால் சொல்கிறேன்.

நீங்க கேட்டீங்களே, உங்க மகள் தை மாசம் கப்பலில் கூட்டிப்போகிறாள், அங்கே சாமான் வாங்கலாமா வேண்டாமா என்று. ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை தங்கச்சி. என் மருமகளைக் கேட்டால் தீப்பெட்டி கூட வாங்காதீங்க என்பாள். எமிலி மதினியைக் கேட்டால் காலிப் பெட்டியோடு ஏறு என்பார்கள். நான் ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்க. பஸ் இன்னும் அருப்புக்கோட்டையே தாண்டவில்லை.

எனக்கு ஒரே மகன், கிங்ஸ்லி. சிங்கப்பூரில் வேலை. மகள் பிரிசில்லா திருநெல்வேலியில் இருக்கிறாள், அவளைப் பற்றி ஒரு குறையும் இல்லை. கிங்ஸ்லிக்கு எமிலி மதினி மகளைத்தான் எடுப்பதாக இருந்தேன். வாய்விட்டுப் பேசவில்லையே தவிர ரெண்டு வீட்டிலும் எல்லாருக்கும் தெரியும். அவன் லிடியாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். கோயமுத்தூர்ப் பிள்ளை. ஆஸ்பத்திரி லேபில் வேலை. சபையும் வேறு, பேச்சும் வேறு. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டவர் சித்தம் என்று ஏற்றுக்கொண்டேன். கல்யாணத்தன்றைக்கு, பொண்ணு கொஞ்சம் ஒல்லி என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். மைக் அணைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். யாரோ சரியாக அணைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம். சண்டை என்று ஒருநாளும் கிடையாது. "அத்தை சாப்பிட்டீங்களா" என்பாள். "சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா" என்பேன். "சாப்பிட்டேன் அத்தை" என்பாள். அதற்குமேல் ரெண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. போனை கிங்ஸ்லியிடம் கொடுத்துவிடுவாள்.

இப்போது அவள் அஞ்சு மாசம். ஆறு வருஷம் முழங்காலில் நின்று கேட்ட பிள்ளை. அவளுக்கு அம்மா இல்லை, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டார்கள். அக்கா ஒருத்தி கோயமுத்தூரில் பேங்கில் இருக்கிறாள், அவளுக்கு லீவு கிடைக்காது. அப்படியானால் பிரசவத்துக்குப் போகவேண்டியது யார், நீங்களே சொல்லுங்க. ஆனால் சிங்கப்பூரில் அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்கிறார்களாம். பிள்ளையைக் குளிப்பாட்ட, தாய்க்குப் பத்தியம் சமைக்க, ஒரு மாசத்துக்கு ஒரு அம்மா வந்து வீட்டோடு இருப்பாளாம். அப்படி ஒருத்தியை லிடியா பார்த்து வைத்திருக்கிறாள், இந்த மாசக் கடைசிக்குள் அட்வான்ஸ் கட்டவேண்டும் என்று கிங்ஸ்லி போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றைக்கு எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

அவனிடம் கேட்டால், வாங்கம்மா என்று உடனே சொல்லுவான். மகன் சொல்லிப் போவதில் என்ன இருக்கிறது. அவள் வாயால் கூப்பிடவேண்டும். அந்த ஒன்றுக்குத்தான் மூணு வாரம் இருந்துவிட்டு வரலாம் என்று நான் புறப்பட்டுப் போனதே. போன இடத்தில் அவர்கள் கப்பலுக்கும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள். மூணு ராத்திரி, பினாங்கு வரை போய்த் திரும்பி வரும். லிடியாதான் எடுத்தாளாம். எனக்கு ஆச்சரியம். ஒருவேளை கப்பலில் வைத்துக் கேட்பாளோ என்று ஒரு நம்பிக்கை.

கப்பல் என்றால் நான் தூத்துக்குடி துறைமுகத்தில் தூரத்திலிருந்து பார்த்த கப்பலை நினைத்துக்கொண்டு போனேன். இது அப்படியில்லை. உள்ளே ஒரு டவுனே இருக்கிறது. ஒரு மாடி முழுக்கக் கடை. ஆனால் கப்பல் கரையில் நிற்கும்போது கடையைத் திறக்கமாட்டார்கள், அதை மறந்துவிடாதீங்க. ஷட்டரைப் போட்டுவிடுவார்கள். கடலுக்குள் போனபிறகுதான் திறப்பு. எமிலி மதினி வரி பற்றிச் சொன்னது அவ்வளவும் மெய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பினாங்கில் எல்லாரும் இறங்கி ஊர் பார்க்கப் போனார்கள். நான் பூட்டிய கடைக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஆண்டவரே இந்தக் கப்பல் நேரத்துக்குக் கிளம்பவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சொன்ன நேரத்துக்கே கிளம்பியது.

நான் பேராசைக்காரி இல்லை. ஊரில் எனக்கு ஒரு பட்டியல் இருந்தது. வெளிநாடு போய் வருகிறவள் வெறுங்கையோடு வந்தால் நல்லாவா இருக்கும். பக்கத்து வீட்டுக்குச் சோப்பு, கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்குத் தைலம், பெண்கள் ஐக்கியச் சங்கத்துக்கு மொத்தமாக மிட்டாய், எமிலி மதினிக்கு அவர்கள் வாயை அடைக்கிற மாதிரி ஏதாவது ஒன்று. இவ்வளவுதான்.

லிடியா ஒன்றையும் வாங்கவிடவில்லை தங்கச்சி. நான் ஒரு சென்ட் பாட்டிலைக் கையில் எடுத்தால் போதும், அவள் போனில் தட்டிப் பார்ப்பாள். "அத்தை, இது சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் இதைவிடக் குறைச்சல்." சோப்பு எடுத்தால், "அத்தை, இது நம்ம மதுரையிலேயே கிடைக்கும்." விலையைச் சிவப்பு மையால் அடித்து, கீழே குறைத்து எழுதியிருக்கிறான் பாரு என்று காட்டினேன். "அடிச்ச விலைக்கு அவன் என்னைக்குமே வித்ததில்லை அத்தை" என்றாள். மிட்டாய் மட்டும் பரவாயில்லை என்று ரெண்டு டப்பா விட்டுக்கொடுத்தாள். நான் என் காசைத்தான் வைத்திருந்தேன், பிரிசில்லா மாற்றிக் கொடுத்தது. அதைச் செலவழிக்கவும் ஒருத்தி அனுமதி வேண்டியிருக்கிறதே என்று எனக்குள் கொஞ்சம் கசப்புத்தான். வெளியில் காட்டவில்லை.

தங்கம் கதையைக் கேளுங்க. அங்கே தங்கச் சங்கிலியைச் சுருள் சுருளாக உருளையில் சுற்றி வைத்து இஞ்சு கணக்கில் விற்கிறார்கள். நம்ம ஊரில் பிச்சிப்பூவைத்தான் முழம் போட்டு விற்பார்கள். தங்கத்தை அளந்து வெட்டுகிறதை நான் எங்கே கண்டேன். கத்தரிக்கோலால் வெட்டி, கையில் வளைத்து, கொக்கி மாட்டிக் கொடுக்கிறார்கள். சுற்றிலும் ஒரே கூட்டம். "ஒரு இஞ்சு எத்தனை பவுன் வரும் என்று கேளு" என்றேன் லிடியாவிடம். அவள் என் காதோடு, "அத்தை, அது மேல்பூச்சு" என்றாள். இவ்வளவு பேர் நிற்கிறார்களே, மேல்பூச்சுக்கா நிற்பார்கள் என்று நான் நகரவில்லை. கடைசியில் அந்தக் கடைக்காரப் பெண்ணையே கேட்டு, அவள் ஆமாம் என்று தலையாட்டியதை எனக்குக் காட்டினாள். எனக்கு லிடியா மேல்தான் கோபம். நாலு பேர் முன்னால் கேட்டிருக்கவேண்டாம்.

மூணாம் நாள் முழுக்க கடல்தான், கரையே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லிடியாவுக்குத் தலைசுற்றல், அறையில் படுத்துவிட்டாள். கிங்ஸ்லி மேலே நீச்சல்குளத்துக்குப் போய்விட்டான். கப்பலில் காசாகக் கொடுக்க முடியாது, அறைச் சாவி ஒரு அட்டை, அதைத்தான் எதற்கும் தேய்க்கிறார்கள், கணக்கைக் கடைசியில் மொத்தமாகக் கட்டவேண்டும். சாவி வேண்டுமே என்று என் அட்டை கழுத்தில் தொங்கியது. கடைப் பக்கம் சும்மா ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்பினேன். வாங்கும் எண்ணம் இல்லை.

போகிற வழியில் ஒரு ஹாலில் மைக் சத்தம். எனக்கு இங்கிலீஷில் எண் மட்டும்தான் தெரியும், பேச்சு வராது. ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். ஒருத்தர் குரலை ஏற்றி ஏற்றிச் சொல்கிறார், கொஞ்சம் நிறுத்துகிறார், திரும்பச் சொல்கிறார், நிறுத்துகிறார், மூணாவது தடவை டொக்கென்று ஒரு தட்டு. ஏலம். எந்தப் பாஷையில் போட்டாலும் ஏலம் ஏலம்தான். இவ்வளவு பெரிய கப்பலில் நம்ம கோயில் பண்டிகையா என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உங்க ஊர்ப் பக்கம் உண்டோ என்னமோ. எங்கள் சாயர்புரம் பக்கம் அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைத்தார், சேவல், தேங்காய், கருப்பட்டி, முறுக்கு. ஆராதனை முடிந்ததும் ஏலம். எங்கள் ஆசீர்வாதம் வாத்தியார்தான் கூறுவார். அங்கே மலிவாக எடுக்க யாரும் வரமாட்டார்கள். அஞ்சு ரூபாய் எலுமிச்சம்பழம் ஐநூறுக்குப் போகும். ஆண்டவருக்குப் போகிற பணம்தானே. ஒருத்தர் இருநூறு கேட்டு மற்றவர்கள் சும்மா இருந்தால், அவரே இருநூற்றைம்பது என்பார். படைத்த பொருளைக் குறைந்த விலைக்குத் தட்டிக்கொண்டு போனான் என்ற பேர் வேண்டாமே என்றுதான். எடுத்த பொருளைப் பல பேர் வீட்டுக்குக் கொண்டுபோகவும் மாட்டார்கள். திரும்ப ஏலம் விடுங்க என்று மேஜையில் வைத்துவிடுவார்கள். ஒரே சேவல் நாலு தடவை ஏலம் போனதுண்டு. ஒரு வருஷம் சலோமி என்று ஒரு விதவை, சின்னதாக ஒரு பூசணிக்காய் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் சொத்தை. யாரும் கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்க்கச் சகிக்காமல் எங்கள் வீட்டுக்காரர் கையைத் தூக்கிவிட்டார்.

அதனால் உள்ளே போய் உட்கார்ந்தேன். வாசலில் ஒரு பெண் என்னிடம் நம்பர் போட்ட அட்டை ஒன்று கொடுத்தாள், குடிக்க நுரை பொங்குகிற தண்ணீர் ஒன்று நீட்டினாள். அது நமக்கு ஆகாது, ஆரஞ்சு ஜூஸ் கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லாமே படங்கள். காய்கறி ஒன்றும் இல்லை. கடலில் எங்கே விளையும், வரைந்ததைப் படைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஏலம் கூறுகிறவர் ஐம்பது வயசு இருக்கும், கழுத்தில் வில் மாதிரி ஒரு டை, நெற்றியெல்லாம் வேர்வை.

ஒரு படத்தைத் தூக்கி வைத்தார். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒருத்தி போகிறாள். கால் மட்டும் பனைமரம் மாதிரி நீளம். முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. மூலையில் பென்சிலால் 43/300 என்று எழுதியிருந்தது, வரைந்தவர் வீட்டுக் கதவு எண் போலிருக்கிறது, புதுசு நாற்பத்து மூணு, பழசு முந்நூறு. அவர் விலை சொன்னார். ஒருத்தரும் கை தூக்கவில்லை. திரும்பச் சொன்னார். எல்லாரும் ஜூஸைப் பார்க்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது தெரியுமா, சலோமி நின்ற நிலைதான் எனக்கு ஞாபகம் வந்தது. வரைந்த ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, அவர் மனசு என்ன பாடுபடும்.

கை தன்னால் எழும்பிவிட்டது.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. இருநூறு. வேறு யாரும் கேட்கவில்லை. சரி, வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, நானே இன்னொரு தடவை தூக்கினேன். அவர் கொஞ்சம் திகைத்துப்போய் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். சுற்றி எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். இருநூற்றைம்பது. ஒருத்தர் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதை முழு மனசோடு கொடுக்கவேண்டும் என்று மூணாவதும் தூக்கினேன். முந்நூறு. டொக்.

அட்டையைத் தேய்த்துக்கொண்டார்கள், ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். பிறகு நம்ம முறைப்படி படத்தை ரெண்டு கையாலும் தொட்டு, அவர் மேஜைப் பக்கம் தள்ளிவிட்டு, திரும்ப ஏலம் விடுங்க என்று தமிழிலேயே சொல்லி, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்கூடப் பாடினேன், லிடியா தூங்குகிறாள் என்று மெதுவாக.

கால் மணி நேரத்தில் கதவைத் தட்டுகிற சத்தம். லிடியாதான் எழுந்து போனாள். வாசலில் அதே டைக்காரர், கையில் தாள்கள். ரொம்ப நேரம் பேசினார். கதவைச் சாத்திவிட்டு அவள் வந்து என் எதிரே நின்றாள்.

"அத்தை, நீங்க ஏலத்துல ஏதாவது கேட்டீங்களா?"

"கேட்டேன்மா. யாருமே கேட்கலை, பாவம் அந்த மனுஷன்."

"எவ்வளவுக்குக் கேட்டீங்க?"

"முந்நூறு."

"முந்நூறு என்ன?"

"முந்நூறுதான்" என்றேன். இதில் வேறென்ன சொல்ல.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். டாலர் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. கடையில் என்றால் டாலர் என்று ஞாபகம் இருக்கும், ஏலத்தில் காதுக்கு முந்நூறு முந்நூறாகத்தானே கேட்கிறது. ஆனால் திரும்பக் கொடுத்தாச்சே, டாலரானால் என்ன, ரூபாயானால் என்ன.

யாரோடு போட்டி போட்டு முந்நூறு வரை போனது என்று கேட்டாள். ஒருத்தரோடும் இல்லை, நானேதான் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அவர்கள் சபையில் இந்த ஏலமெல்லாம் கிடையாது. அதனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன், எலுமிச்சம்பழம், சேவல், சலோமி, சொத்தைப் பூசணிக்காய், வாத்தியார். படத்தை மேஜைப் பக்கம் தள்ளிவிட்டுக் கும்பிட்ட இடம் வந்தபோது லிடியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா சிரிப்பா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, என் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். அஞ்சு மாசம், இப்படிக் குலுங்கக்கூடாது என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். ஆறு வருஷத்தில் அவள் சிரிப்புச் சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நல்ல சத்தம். நம்ம வீட்டுப் பிள்ளைகள் மாதிரியே சிரிக்கிறாள்.

"அந்தப் பூசணிக்காயை மாமா என்ன பண்ணினாங்க?" என்று கேட்டாள்.

"திரும்பக் கொடுத்தாங்க. அடுத்த தடவையும் யாரும் கேட்கலை. மறுபடி அவங்களே கேட்டாங்க."

அதற்கு இன்னொரு மூச்சு சிரித்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன், நீங்க படுங்க, இவர்கிட்ட இதைச் சொல்லவேண்டாம் என்று கிளம்பிப் போனாள். சாயங்கால டீ நேரம் தாண்டித்தான் வந்தாள். எல்லாம் முடிந்ததா என்றேன். முடிந்தது அத்தை என்றாள். திரும்ப ஏலம் விட்டார்களாம், அதே முந்நூறுக்குப் போய்விட்டதாம்.

"யாரு எடுத்தது?"

"ஒரு பொண்ணு அத்தை. மாமியாரோட வந்திருக்கா."

"ஐயோ பாவம்" என்றேன். "அவ வீட்டில் என்ன சொல்லப்போறாங்களோ."

"ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றாள்.

அன்றைக்குப் பிறகு அவள் கொஞ்சம் மாறிவிட்டாள். நானும் கவனித்தேன். கைக்கடிகாரம் ஒன்றை முதல்நாளிலிருந்தே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதை வேண்டாம் என்று விட்டுவிட்டாள். உடம்பு பிடித்துவிட ஒரு இடத்தில் நேரம் குறித்து வைத்திருந்தாள், அதையும் ரத்து பண்ணிவிட்டாள். என் பேச்சைக் கேட்டுப் புத்தி வந்திருக்கிறது என்று நினைத்தேன். கடைசிநாள் காலையில், கரை வருவதற்கு முன்னால், எல்லாமே பத்து டாலர் என்று மேஜை போட்டு விற்றார்கள். ஒரே தள்ளுமுள்ளு. லிடியாவே முழங்கையால் இடித்து எனக்கு வழி பண்ணிக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற ஒரு சீனத்து அம்மாவுக்கும் எனக்கும் ஒரே பையில் கை. நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். லிடியா விடவில்லை, பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எமிலி மதினிக்கு என்று சொன்னதும் ஜிப்பை நாலு தடவை இழுத்துப் பார்த்துத்தான் எடுத்தாள். அந்தப் பை மலிவு, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மற்றதற்கெல்லாம் லிடியா சொன்னதுதான் சரி, கரையிலேயே வாங்கிக்கொள்ளுங்க.

இறங்கும்போது கிங்ஸ்லி கையில் அட்டையில் சுற்றிய தட்டையான பார்சல் ஒன்று இருந்தது. ஆபீஸ் சாமான் என்றான். அவள்தான் அப்படிச் சொல்லச் சொன்னாள் போல, அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சிங்கப்பூர் வீட்டில் மிச்சம் இருந்த நாள் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. அவள் சமையலறைக்கு வருவாள், வாத்தியார் மாதிரி ஏலம் கூறிக் காட்டுங்க அத்தை என்பாள். கத்தரிக்காயை வைத்துக்கொண்டு கூறுவேன். ஆனால் பிரசவத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. மாசக் கடைசி நெருங்குகிறது. நான் கேட்கவில்லை, ஆண்டவரைத்தான் கேட்டேன்.

முந்தாநாள் காலையில் கட்டிலோரம் முழங்காலில் நின்றேன். கண் திறந்தபோது கட்டிலுக்கடியில் அந்தத் தட்டைப் பார்சல் தெரிந்தது. அட்டை ஒரு பக்கம் விலகியிருந்தது. பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. குடை. பனைமரக் கால். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. மூலையில் அதே 43/300. அதே ஆள் வரைந்தது, வீட்டு எண் அதேதான் இருக்கும்.

எனக்கு அப்படியே தூக்கிவாரிப்போட்டது. என்னை ஒரு சோப்பு வாங்கவிடாதவள், நான் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்த மாதிரியே ஒரு படத்தைத் தனக்கென்று போய் வாங்கியிருக்கிறாள். எனக்குத் தெரியக்கூடாது என்று கட்டிலுக்கடியில் மறைத்தும் வைத்திருக்கிறாள். அட்டையைப் பழையபடி மூடிவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் விமான நிலையத்தில், கிங்ஸ்லி பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனபோது, அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத்தை, பங்குனியில வந்துடுங்க. பிள்ளை பெத்தவளுக்குக் கொடுக்கிற மருந்து உங்க ஊர்ல இடிப்பாங்களாமே, அதையும் கொண்டு வாங்க."

சம்பளத்துக்கு ஒரு அம்மா வருவதாகச் சொன்னார்களே என்று மட்டும் கேட்டேன். அட்வான்ஸ் கட்டவில்லை அத்தை, அந்தப் பணம் வேறொன்றுக்குச் செலவாகிவிட்டது என்றாள். "செலவாகாம இருந்தாலும் உங்களைத்தான் கூப்பிட்டிருப்பேன்" என்றாள்.

விமானத்தில் வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த அட்வான்ஸ் பணத்தை எடுத்துத்தான் அவள் அந்தப் படத்தை வாங்கியிருக்கிறாள். ஆசைதான் தங்கச்சி. மாசமா இருக்கிறவர்களில் ஒருத்திக்கு மாங்காய்மேல் போகும், ஒருத்திக்குச் சாம்பல்மேல் போகும். இவளுக்குக் குடைக்காரிமேல் போயிருக்கிறது. நான் ஏலம் எடுத்த கதையைக் கேட்டதிலிருந்துதான் ஆரம்பித்திருக்கவேண்டும். பிள்ளையைச் சுமக்கிறவள் ஆசைப்பட்டதை மறுக்கக்கூடாது, அதுவும் எனக்குப் பயந்துகொண்டு ஒளித்து வைக்கலாமா. ஒல்லி என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னதற்கு இன்றைக்கு வரை பயப்படுகிறாள் என்றால், தப்பு என்மேல்தானே.

அவளுக்கு ஒரு சேதி அனுப்பவேண்டும், போனில் குரலில் பேசி அனுப்பத்தான் எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கிங்ஸ்லியும் கேட்டுவிடுவான், விலை என்ன என்று அவளைப் போட்டுக் குடைவான். எழுத்தாக இருந்தால் அவள் மட்டும் படித்துக்கொள்வாள். என் கண்ணாடி பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. நீங்க இறங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறதே. இந்தாங்க போன், லிடியா என்று இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டேன், எனக்கு ஒரு கோபமும் இல்லை, என்ன விலையானாலும் பரவாயில்லை, ஹாலில் மாட்டு என்று, இதை மட்டும் தமிழில் அடித்துக் கொடுங்க தங்கச்சி.